எட்டாவது கண்மாய்

ஆறு மாசத்துக்கு ஒருக்கா அந்தப் பிள்ளைய நிக்க வச்சுக் கேள்வி கேக்குறாக பாருங்க, அதுக்குப் பேரு முன்னேற்ற ஆய்வாம். என்னத்த முன்னேற்றம்... நாத்த நட்டா விட்டுறணும். இவுக மூணு வருசமா புடுங்கிப் புடுங்கி வேரு விட்ருச்சான்னு பாக்குறாக. அப்பறம் எங்கிட்டு வெளையும்?

உக்காருங்க தம்பி. கரி மூட்டம் போடுற தங்கசாமி வர நேரமாகும். நீங்க கரி யேவாரந்தான? வெள்ளச் சட்டையும் பையுமா இந்தச் சிக்கல் ஊருக்கு வேற எதுக்கு ஆளு வரும். ராக்கு, தம்பிக்கி ஒரு டீ போடுத்தா.

பிள்ள பேரு மஜீதா. ஊரு தொண்டி. கண்மாய்த் தண்ணிய முன்னாடி ஊருக்குள்ள எப்பிடிப் பங்கு வச்சாகன்னு டாக்டர் பட்டத்துக்கு எழுதுது. ரெண்டு பஸ்சு மாறி வந்து எங்கிட்டத்தான் கேக்கும். 'கூத்தையா கூறியது'ன்னு எம் பேரையும் போடும். எங்க வீட்டுல நா வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுவாக. இது டேப்பு வச்சுக் கேக்குது... சொல்ல மாட்டேனா? ஏழு கண்மாய், எந்த மடைய யாரு எப்பத் தெறப்பாக, அம்புட்டும் சொன்னேன். பூராம் நெசம். ஒரு வருசம் விரால் மீனு ஒண்ணு மடைய அடச்சுக்கிட்டு, ஊரே வடம் போட்டு இழுத்துச்சுன்னேன்... அதுல மட்டும் மீனு கொஞ்சம் பெருசாப் போச்சு. அதுக்குக் கமிட்டியில, மீனோட நீளத்துக்கு அடிக்குறிப்புப் போடுன்னுட்டாகளாம்.

கமிட்டியின்னா மூணு பேரு. ஒருத்தரு அட்டவணை போடும்பாரு. போட்டுட்டுப் போனா, அட்டவணை எதுக்கும்பாரு, அவரேதான். இன்னொருத்தரு பாதி நேரம் கண்ணாடியத் தேடுவாரு. வழிகாட்டின்னு ஒருத்தரு இருக்காரே, அவரு கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அந்தக் கண்ணாடிக்காரரு போயி, அஞ்சாந் தடவ புதுசா ஒருத்தரு வந்தாரு. "ஏழு கண்மாயும் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டுலயே இருக்கு. நீ புதுசா என்ன கண்டுபுடிச்ச?"ன்னு கேட்டுட்டாரு.

பிள்ள அங்கன, அந்த வேம்படியில வந்து உக்காந்துச்சு. பெறகு சொல்லுது, "பெரியய்யா, அடுத்த தடவையும் இப்பிடின்னா பதிவ ரத்து பண்ணிருவாக. உதவித்தொகையும் நின்னுரும். மூணு வருசம் போச்சு."

எனக்கு மனசு கேக்கல தம்பி. இன்னொரு கண்மாய் இருக்கு ஆத்தான்னுட்டேன்.

டீ ஆறுது, குடிங்க.

பேரும் வச்சேன், ஊமைக் கண்மாய். அந்தா தெரியிது பாருங்க சீமக்கருவேலங் காடு, அதுக்குள்ள இருந்துச்சு, இப்ப முள்ளு மூடிருச்சுன்னேன். எவன் உள்ள போயிப் பாப்பான்? பிள்ள அப்பிடியே நம்பி எழுதிருச்சு. கமிட்டி நிமுந்து உக்காந்துருச்சாம். மூணு பேரும் ஒரே கருத்தச் சொன்னது அன்னைக்குத்தானாம். அதோட விட்டாகளா? நேருல பாத்தாத்தான் கையெழுத்துன்னு, அந்தப் புதுசா வந்தவர இன்னைக்கி அனுப்புறாக. பதினோரு மணி பஸ்சுல பிள்ளயோட வாராராம். ரெண்டு நாளா முள்ளுக்குள்ள கெடந்து கரை போடுறேன், இந்தக் கையப் பாருங்க. பத்தடி கூட வரல.

அது பாவம், ஒண்ணும் அறியாது. நா சொன்னத எழுதுச்சு, அம்புட்டுத்தான். வாய் என்னோடது.

அந்தா, பஸ்சு வந்துருச்சு. மஜீதாதான் எறங்குது... தனியா வருதே, அந்த ஆளக் காணமே. நேரா இங்கிட்டுத்தான் வருது. என்ன... உங்களுக்கு வணக்கம் வைக்கிது?

...

உக்காருங்க சார். ராக்கு, சாருக்கு இன்னொரு டீ, சக்கர தூக்கலா.

சார், பிள்ள எழுதுனதுல ஒரு எழுத்துப் பொய்யில்ல சார். பொழுது போகாம இப்ப ஒரு கரி யேவாரிகிட்ட அளந்தேன் பாருங்க, அது மட்டுந்தான் பொய்யி. எந்திரிங்க, ஊமைக் கண்மாயக் காட்டுறேன். முள்ளு கெடக்கும், எம் பின்னாலயே வாங்க.