தந்தி மாஸ்டர் நாற்காலி

— கத்தாதேக்கா, சாப்பாட்டு ரூம்ல குடியிருக்கிறவங்க எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க, காதுல விழும்—

— விழட்டும். கோயில்ல ஊர் கேக்க கல்யாண ஓலை வாசிச்சாச்சு, இனிமே என் சமையல்கட்டுல என்னடி ரகசியம்?

— நான் சொல்றதைக் கொஞ்சம்—

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம், மகாராணி. தையக்கார அம்மா வாசல்லயே சொல்லிட்டா. தொப்பியக்கூடக் கழட்டல. மாடியில குடியிருக்கிற, புத்தகம் தச்சுக் கட்டுறவருக்கு இன்னிக்கு முதல் ஓலை வாசிச்சாங்களாம். வீட்டுல கல்யாணத்த வெச்சுகிட்டு இப்படிக் கமுக்கமா இருந்துட்டீங்களேன்னு பல்லக் காட்டுறா. நான் இங்க இத்தனை வயித்துக்கும் ஆக்கிக் கொட்டிட்டுச் சாயங்கால ஆராதனைக்குத்தான் போறேன், காலையில என்ன நடந்தாலும் தெரியாதுன்னு துணிச்சல் உங்களுக்கு.

— அவங்க முழுசா சொல்லலையா?

— முழுசாக் கேட்டுகிட்டு நிக்க எனக்கென்ன பைத்தியமா? பாதியிலயே உள்ள வந்துட்டேன். நேரா மாடிக்கு ஏறி, அந்தக் கோந்துப் பயல் கதவத் தட்டி, வண்டிக்குச் சொல்லி அனுப்பியாச்சு, மூட்டையக் கட்டுன்னு சொல்லிட்டேன்.

— அவர்கிட்டயே சொல்லிட்டியா?

— பின்ன, செவத்துக்கிட்டயா? இந்த வீட்டுப் பொம்பளைக்கு ஓலை கொடுக்க உனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டேன்.

— அதுக்கு என்ன சொன்னாரு?

— என்னத்தச் சொல்லுவான். கையில இருந்த பாட்டுப் புத்தகத்த மேஜையில வெச்சான். அப்புறம், ‘சரிங்கம்மா, உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா ஒண்ணும் வேணாம்’னான். அதோட விட்டானா? ‘அப்போ அந்த நாற்காலி?’ன்னு இழுத்தான். நாற்காலியையும் சேத்து வண்டியில ஏத்தலாம்னு பாத்தியா, அது எம் புருஷன் சாகுற வரைக்கும் உக்காந்த நாற்காலின்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு.

— நாற்காலியப் பத்தியா கேட்டாரு?

— அதான் சொல்றேனே. உனக்கென்னடி முகம் வெளுக்குது?

— ஒண்ணுமில்ல. நீ பேசி முடி.

— எதைப் பாத்து மயங்கின? கேக்குறேன். நாப்பது வயசு வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்த? ஊர்ல கிழிஞ்ச புத்தகத்துக்கெல்லாம் முதுகு தைக்கிறான், தன் முதுகு கூனிப் போனது தெரியல. படியில அவன் ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் பசை நாத்தம் ஏறி வருது. நகத்துக்கடியில தோல் சாயம், சட்டைக் கையில நூல் பிசிறு. ஒரு நாள் என் மேஜை விரிப்புல கைய வெச்சான், கைய எடுத்தா விரிப்பும் கூடவே வருது.

— அது உண்மைதான்.

— சிரி, சிரி. பாட்டாவது உண்டா? கோயில்ல அவன் வாயத் தொறந்தா பக்கத்துல நிக்கிறவனுக்கு ராகம் மறந்துடுது.

— பாடுறவங்க கையில இருக்கிற புத்தகம் எல்லாம் அவரு கட்டினதுதான்கா. நம்ம அத்தானோட பாட்டுப் புத்தகம் நூல் விட்டு ஏடு ஏடா உதிர்ந்து கெடந்துச்சு. கேக்காமலே எடுத்துட்டுப் போய்த் தச்சுக் கொடுத்தாரு. உள்ள காஞ்சு போன பூ ஒண்ணு இருந்துச்சே, அதக்கூட அது இருந்த பக்கத்துலயே திருப்பி வெச்சிருந்தாரு.

— கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற.

— அப்போ ஏன் அதத் தலமாட்டுல வெச்சுத் தூங்குற? அவரு தச்சுக் கொடுக்கிற வரைக்கும் டிரங்குப் பெட்டிக்குள்ளதானே கெடந்துச்சு?

— எம் புருஷன் புத்தகம். தலமாட்டுல வெப்பேன், கால்மாட்டுல வெப்பேன். பேச்ச மாத்தாத. உருளைக்கிழங்கு அடி பிடிக்குது பாரு, கிண்டு.

— கிண்டிட்டுத்தான் இருக்கேன்.

— பசை காய்ச்சணும், அடுப்புல கொஞ்சம் எடம் கெடைக்குமான்னு தெனம் இந்த வாசல்ல வந்து நிப்பான். நீயும் கரண்டியோட நிப்ப. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?

— நின்னு என்ன கேப்பாரு தெரியுமா? அக்காவுக்கு இருமல் தேவலையான்னு கேப்பாரு. அக்கா ஏன் நேத்து சாப்பிட உக்காரலன்னு கேப்பாரு.

— அக்கா மேல கரிசனம் காட்டித் தங்கச்சிய வளைக்கிறது. நான் பாக்காத வித்தையா இது?

— அப்படித்தான் நானும் நெனச்சேன்.

— என்ன முணுமுணுக்கிற? நேராவே கேக்குறேன், இன்னிக்கு ஓய்வு நாள், பொய் சொல்லாத. உனக்கு அவன் மேல ஆசை இருக்கா, இல்லையா?

— இருக்கு.

— வந்துச்சா வாயில.

— இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டயும் சொன்னதில்ல.

— சொல்லாமத்தான் ஓலை வாசிச்சாங்களாக்கும். இங்க பாருடி. மூணு ஞாயிறு வாசிக்கணும், இன்னிக்கு ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. வர்ற ஞாயிறு இந்த வீட்டுல யாரும் சாப்பிடலன்னாலும் பரவாயில்ல, நான் காலையிலயே கோயிலுக்கு வர்றேன். இந்த விவாகத்துக்குத் தடை சொல்றவங்க உண்டான்னு கேப்பாருல்ல? முன் பெஞ்சுல எழுந்து நிப்பேன். தந்தி மாஸ்டர் சம்சாரம் எழுந்து நின்னா அந்தப் புதுப் பாதிரியாருக்குக் கண்ணாடி கழண்டு விழும்.

— அந்தப் பாதிரியார் இங்க வந்து சாப்பிட்டாரே, ஞாபகம் இருக்கா?

— இல்லாம? எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னாரு.

— அன்னிக்கு அத்தான் நாற்காலியில யார உக்கார வெச்ச?

— உனக்குத் தெரியாதா? அந்தக் கோந்துப் பயலத்தான். அன்னிலேர்ந்து அவன்தானே உக்காருறான்.

— அவர ஏன் வெச்ச?

— ஜெபம் பண்ணத்தான். அந்த நாற்காலியில உக்காருறவங்கதான் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணணும், அவரு காலத்துலேர்ந்து இந்த வீட்டு ஒழுங்கு அது. அவரு போனதுக்கு அப்புறம் அந்தக் கீழ் ரூம் உபதேசியார உக்கார வெச்சேன். மனுஷன் ஆதாம்ல ஆரம்பிப்பாரு. நோவா கப்பல்ல ஏறுறதுக்குள்ள என் சூப்பு ஆறிப் போயிடும். இவன்னா ரெண்டு வாக்கியம், ஆமென். சூட்டோட சாப்பிடலாம். அதுக்காக வெச்சேன். வேற எதுக்கு, அவன் அழகுக்கா?

— இதெல்லாம் அவர்கிட்ட சொன்னியா?

— எதெல்லாம்?

— சூப்பு ஆறிப் போகுதுன்னு.

— உபதேசியார் பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அத எப்படிச் சொல்றது? ‘இன்னிலேர்ந்து நீங்க இந்த நாற்காலியில உக்காந்து ஜெபம் பண்ணுங்க’ன்னேன். அவ்வளவுதான்.

— எல்லார் முன்னாடியும் சொன்ன.

— சாப்பாட்டு மேஜையில பின்ன தனியாவா கூப்பிட்டுச் சொல்லுவாங்க?

— அவரு உக்காருறதுக்கு முன்னாடி நாற்காலியத் தடவிப் பாத்தாரு. கவனிச்சியா?

— நாள் பூரா அட்டையும் தோலும் தடவுற கை, தடவத்தான் செய்யும்.

— ஜெபம் முடிஞ்சதும் பாதிரியார் எழுந்து வந்து அவரு கையப் பிடிச்சுக் குலுக்கினாரு.

— சுருக்கா முடிச்சதுல அந்தாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பசி. ஏண்டி, என்னைய எதுக்கு இப்ப கூண்டுல ஏத்தி விசாரிக்கிற?

— அவங்க ரெண்டு பேரும் ஒரே சபைக்கா. மலைமேல இருக்கே, அந்தச் சபை. சின்ன வயசுலேர்ந்து ஒரே கோயில். இன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் பாதிரியார் சம்சாரம் என் கையப் பிடிச்சுகிட்டு எல்லாம் சொன்னாங்க.

— அவளுக்கென்ன வேலை, சொல்லிட்டுப் போறா.

— அவங்க பக்கத்துல விதவைக்கிட்ட யாரும் நேராப் போய்ச் சம்மதம் கேக்க மாட்டாங்களாம். கேக்குறது அசிங்கமாம். அவளா மனசு வெச்சா, செத்துப் போன புருஷனோட நாற்காலிய ஒருத்தருக்குக் கொடுத்து, நாலு பேர் முன்னாடி ஜெபம் பண்ணச் சொல்லுவாளாம். அதான் வாக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டாங்களாம். பாதிரியாரே பக்கத்துல இருந்து பாத்துட்டா அப்புறம் ஓலை எழுத வேண்டியதுதானாம்.

— நல்லாயிருக்கு கூத்து. நாற்காலிக்கு நாலு காலு இருந்தா அதுக்கும் ஒரு சாஸ்திரமா? மலைமேல பனி அடிச்சு மூளை மரத்துப் போன கூட்டம். அதுக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்? நாற்காலி கொடுத்தது நானு. உனக்கு எப்படி ஓலை...

— எனக்குன்னு யார் சொன்னா?

— தையக்காரி.

— நீதான் பாதியிலயே உள்ள வந்துட்டியே.

— சும்மா இரு. அந்தச் சட்டிய இறக்கு மொதல்ல.

— இறக்கியாச்சு. பேர வாசிக்கிற வரைக்கும் நானும் உன்ன மாதிரிதான்கா நெனச்சேன். புத்தகம் கட்டும் தொழில் செய்கிறவரான இன்னாருக்கும்னு பாதிரியார் ஆரம்பிச்சாரு. நான் கையுறையக் கழட்டி மடியில வெச்சுகிட்டேன். அடுத்து என் பேருதான்னு கண்ண மூடிகிட்டேன். காலஞ்சென்ற தந்தி மாஸ்டரின் மனைவிக்கும்னாரு.

— என் பேரையா?

— உன் பேர முழுசா.

— கோயில்ல? சத்தமா?

— எல்லாரும் திரும்பி நம்ம பெஞ்சப் பாத்தாங்க. நான் சிரிச்சேன். சிரிக்கணும்ல.

— அப்போ அவன்... அவரு மாடியில நின்னு நாற்காலின்னு கேட்டது...

— ஆமா. நீ கொடுத்த வாக்க நீயே திருப்பி வாங்கிகிட்டியான்னுதான் கேட்டிருக்காரு. நீ வாங்கிகிட்டேன்னுட்ட.

— அது என்னடி சத்தம்?

— புத்தகம் அழுத்துற இரும்புப் பொறி. படிப்படியா இறக்குறாரு. குதிரை வாசல்ல நிக்குது. நீதானே வண்டி வரச் சொன்ன.

— அந்தக் கூன் முதுக வெச்சுகிட்டு அதத் தனியாவா தூக்குறாரு? யாரும் கூடப் பிடிக்கலையா? இரு. இந்த ஏப்ரன் முடிச்ச அவுத்து விடு. இறுகிப் போச்சு, வர மாட்டேங்குது. என் மூஞ்சியில மாவு ஏதும் இருக்கா?

— இருக்கு, இடது கன்னத்துல, தொடச்சுக்கோ. ஆனா அவரு வண்டியில ஏறுறதுக்குள்ள எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போக்கா: வர்ற ஞாயிறு தடை சொல்றவங்க உண்டான்னு கேக்கும்போது, முன் பெஞ்சுலேர்ந்து நீ எழுந்திரிப்பியா, இல்ல நான் எழுந்திரிக்கட்டுமா?