பத்தரை மணி வரைக்கும்

— அதான் எனக்குப் புரியலங்கய்யா. இந்த டூருக்கு ஜெர்மன்காரன் வருவான், ஜப்பான்காரன் வருவான், ரத்தம் குடிக்கிற பிரபு எங்க இருக்கான்னு கேப்பான். ருமேனியாவுல பொறந்து, ருமேனியாவுலயே வயசான ஒரு மனுசர், நம்ம நாட்டுக் கதைய எனக்குச் சொல்லுங்கன்னு தனியா வண்டி பிடிச்சு வர்றது இதுதான் முதல் தடவை.

— வயசானவன் பொழுது போகாம வந்திருக்கான்னு வச்சுக்கோங்கம்மா.

— பொழுது போகாதவரா ரெண்டு தடவை புக் பண்ணி ரெண்டு தடவையும் கேன்சல் பண்ணீங்க? ஹரலாம்பின்னு பேரப் பாத்ததுமே சொன்னேன், இந்த ஆளு இந்தத் தடவையும் வர மாட்டாருன்னு.

— முதல் தடவை முட்டி வலி.

— ரெண்டாவது?

— அதுவும் முட்டி வலிதான், விடுங்க.

— சரி, விட்டாச்சு. கேளுங்க, வலது பக்கம் வருது பாருங்க, பித்தெஷ்டி. இங்கதான் அந்த ஜெயில் இருந்துச்சு. காவக்காரன் அடிக்க மாட்டான். நேத்து வரைக்கும் ஒண்ணா படுத்துத் தூங்கின சினேகிதனையே அடிக்க வப்பான். அடிச்சு அடிச்சு, தெரிஞ்சவன் தெரியாதவன் பேரெல்லாம் கக்க வப்பான்.

— அடிக்காமயே கக்கினவங்களும் இருக்காங்க.

— இருப்பாங்க. யார் கண்டா. இந்தாங்க, கொவ்ரிக் ரொட்டி எடுத்துக்கோங்க, எள்ளு தூவினது. காலைல எதுவும் சாப்பிடலன்னு முகத்துலயே தெரியுது.

— அப்புறமா சாப்பிடறேன். உங்க நோட்டீஸ்ல சர்வாதிகாரி சௌசெஸ்கு காலத்து அரசியலும் உண்டுன்னு போட்டிருந்தீங்களே. அந்தச் சட்டத்தப் பத்திச் சொல்ல மாட்டீங்களா?

— எந்தச் சட்டம்?

— பொம்பளைங்க சட்டம்.

— ஓ. அத ரெண்டு வரியில முடிச்சிருவேன். நாட்டுக்கு ஆளு வேணும்னான். அஞ்சு புள்ள பெக்காதவ கருவைக் கலைச்சா அவளுக்கும் ஜெயிலு, கலைச்சு விட்டவளுக்கும் ஜெயிலு. மில்லுல பொம்பளைங்கள வரிசையா நிக்க வச்சு, எவ உண்டாயிருக்கான்னு சோதிச்சான். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— அதுக்கு மேல சொன்னா என் குரல் மாறிரும், சிரிக்க வராது. இந்தத் தொழில்ல சிரிக்கலன்னா ஸ்டார் போட மாட்டாங்கய்யா. கேளுங்க, மடத்துக் கோயிலுக்கு வந்தாச்சு. பாத்து இறங்குங்க, முட்டி இருக்குல்ல உங்களுக்கு.

— இருக்கும்மா.

— இந்தக் கோயிலக் கட்டினப்ப நடந்தத சின்ன வயசுல கேட்டிருப்பீங்க. இருந்தாலும் சொல்றேன், அதுக்குத்தானே வந்தீங்க. பகல்ல கட்டின சுவரு விடியறதுக்குள்ள இடிஞ்சு விழுந்துருது. ஒரு நாள் இல்ல, தினமும். தலைமைக் கொத்தனுக்குக் கனவுல குரல் கேக்குது. நாளைக்கு எவ முதல்ல சோறு கொண்டு வர்றாளோ அவள உள்ள வச்சுக் கட்டு, அப்பத்தான் சுவரு நிக்கும்னு. பத்துக் கொத்தனும் சத்தியம் பண்றாங்க, வீட்ல மூச்சு விடறதில்லன்னு. ஒம்பது பேரு நேரா போயி பொண்டாட்டி காதுல ஊதிட்டாங்க.

— ஒருத்தன் வாயத் திறக்கல.

— தலைமைக் கொத்தன் மட்டும் திறக்கல. விடிஞ்சு சாரத்து மேல நின்னு பாக்கறான், தூரத்துல வர்றது அவன் பொண்டாட்டி. சாமி, மழையக் கொட்டு, அவ திரும்பிப் போகட்டும்னான். மழை வந்துச்சு. காத்தக் குடுன்னான். மரமெல்லாம் சாஞ்சுச்சு. அவ சோத்துச் சட்டிய மாரோட அணைச்சுகிட்டு நனைஞ்சுகிட்டே வந்து சேந்தா. விளையாட்டுதான்னு நினைச்சு சிரிச்சுகிட்டே நின்னாளாம். சுவரு முட்டி வரைக்கும் வருது, இடுப்பு வரைக்கும் வருது, அப்பத்தான், வயித்துல புள்ள இருக்குய்யான்னு...

— போதும்மா.

— ஐயா? உக்காருங்க. என்ன இப்படி வேர்க்குது? பனி பெய்யுது இங்க.

— ஒண்ணுமில்ல. உள்ள போலாம். மெழுகுவத்தி ஏத்தணும் எனக்கு.

— கையக் குடுங்க. படி வழுக்கும். இதோ பாருங்க, ரெண்டு தட்டு. இது உசிரோட இருக்கறவங்களுக்கு, அது போனவங்களுக்கு. யாருக்கு ஏத்தறீங்க?

— போனவங்க தட்டுல ஒண்ணு, ஸெனோவியாவுக்கு. என் சம்சாரம்.

— ஆண்டவன் மன்னிச்சு ஏத்துக்கட்டும். இன்னொண்ணு கையில இருக்கே?

— அது எந்தத் தட்டுன்னு எனக்குத் தெரியலம்மா. நீங்கதான் சொல்லணும். பராஸ்கீவாம்மா இருக்காங்களா?

— எந்தப் பராஸ்கீவா?

— உங்க அம்மா.

— எங்கம்மா பேர நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே.

— சொல்லல. எனக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்? யாரு நீங்க?

— எங்க இருக்காங்கன்னு முதல்ல சொல்லுங்கம்மா, மெழுகு கையில சொட்டுது.

— அந்தத் தட்டுல வைங்க. அம்மா போயி ஆறு வருசமாச்சு.

— ஆறு வருசம் பிந்திட்டேனா.

— வைங்க ஐயா. வச்சுட்டு வந்து வண்டில ஏறுங்க. சாமி முன்னாடி நின்னு பேச எனக்கு முடியாது.

— எங்கம்மா போறோம்?

— டூர்ல அடுத்தது அணை. அணைக்குத்தான். பெல்ட்டு போடுங்க. நீங்க பேசுங்க, நான் ரோட்டப் பாத்துகிட்டே கேக்கறேன். உங்க முகத்தப் பாத்துகிட்டு கேக்க மாட்டேன்.

— இன்டர்நெட்ல கைடுங்க படம் போட்டிருந்தாங்க. ஸ்மராந்தான்னு பேரு, கூடவே உங்க குடும்பப் பேரு. அப்புறம் நெத்தி. அம்மாவோட நெத்தி அப்படியே உங்களுக்கு. ஒரு வருசமா அந்தப் படத்தப் பாத்துகிட்டு இருக்கேன்.

— மேல சொல்லுங்க.

— நானும் உங்க ஊருதாம்மா. மில்லுல தறி ஃபிட்டர். எண்பத்தாறு, பிப்ரவரி. எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. ஃப்ளாட்ல கணப்பு கிடையாது, ரெண்டும் கோட்டு போட்டுகிட்டே தூங்கும். ஸெனோ மூணாவது உண்டாயிட்டா. எதைப் போட்டு வளக்கறது, வேணாம்னா. மில்லு ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா இருக்காங்க, நல்ல கையின்னாங்க.

— எங்கம்மா.

— ஆமா. உங்க வீட்டு சமையக்கட்டுலதான் நடந்துச்சு. நான் வாசப்படில காவலு. உள் ரூம்ல ஒரு சின்னப் பொண்ணு பாடப் புஸ்தகத்த சத்தம் போட்டு வாசிச்சுகிட்டே இருந்துச்சு. ஒரே பாடம், திரும்பத் திரும்ப.

— யாராவது வந்தா சத்தமா வாசின்னு அம்மா சொல்லுவாங்க. எனக்கு வாசிப்பு வரணும்னுதான் சொல்றாங்கன்னு நினைச்சேன். அழற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னுதான், அது பெரியவளானப்புறம் புரிஞ்சுது.

— அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. காய்ச்சல் வந்தா அந்த நிமிசமே என்கிட்ட வாங்கன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. ஸெனோதான் போக மாட்டேன்னுட்டா. அடிக்கடி போனா யாராவது பாப்பாங்க, அந்தம்மாவுக்கு ஆபத்துன்னா. மறுநாள் விடியக்காலம் நாலு மணிக்கு மெத்தையெல்லாம் ரத்தம். நான்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன்.

— ம்.

— கட்டில்ல போட்டாங்க. டாக்டர் கையக் கழுவிட்டு வந்தாரு. அவருக்கு முன்னால அரசு வக்கீல் வந்து நின்னுட்டான். யாரு செஞ்சாங்கன்னு பேரச் சொல்லு, அப்புறம் டாக்டர் தொடட்டும்னான். பேனா குளிர்ல எழுதல, வாயில வச்சு ஊதிகிட்டே கேட்டான். டாக்டர் ஈரக் கையோட நின்னாரு. கை காஞ்சு போச்சு. திரும்பப் போயி கழுவிட்டு வந்து நின்னாரு. நாலு தடவை கழுவினாரும்மா.

— ஸெனோவியா சொல்லல.

— என் கையப் பிடிச்சுகிட்டு, நீயும் சொல்லாதேன்னா. அந்தம்மாவுக்குப் புருசன் இல்ல, வாசிக்கற பொண்ணு ஒண்ணு இருக்குன்னா. அஞ்சு மணிலருந்து பல்லக் கடிச்சுகிட்டு நின்னேன். அப்புறம் அவளுக்குக் கண்ணு மேல சொருகிருச்சு. சொல்லிட்டேன். பராஸ்கீவா, மில்லு ஆஸ்பத்திரி நர்ஸு, மூணாவது மாடின்னு சொல்லிட்டேன். நீட்டின தாள்ல கையெழுத்தும் போட்டேன்.

— டாக்டர விட்டானா?

— அப்பத்தான் விட்டான். மத்தியானம் ஒரு மணிக்குப் போயிட்டா. ஏம்மா நிறுத்திட்டீங்க? அணை இன்னும் வரலையே.

— இதக் கேட்டுகிட்டு ஓட்ட முடியல. ஏன்யா, காலைலருந்து என்னப் பேச விட்டு வேடிக்கை பாத்துகிட்டு வந்தியா? நான் இளிச்சுகிட்டு கதை சொல்றேன், நீ பக்கத்துல உக்காந்து என் நெத்தியப் பாத்துகிட்டு வர்றே!

— வேடிக்கை இல்லம்மா. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

— எனக்கு ஒம்பது வயசு அப்போ. பள்ளிக்கூடத்துலருந்து வர்றேன், கதவுல சீலு வச்சிருக்கான். ரெண்டு வருசம் சித்தி வீட்டு மூலையில கிடந்தேன். கொலைகாரி பொண்ணுன்னு ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டா. அம்மா வெளிய வந்தப்ப முன் பல்லு ஒண்ணுகூட இல்ல.

— தெரியும்.

— என்ன தெரியும் உனக்கு?

— வந்த அன்னிக்கு ரயில்வே ஸ்டேஷன்ல இருந்தேன். பழைய தலைத்துணிய முகத்துக்குக் குறுக்கக் கட்டிருந்தாங்க. நீங்க ஓடி வந்து நின்னுட்டீங்க, அடையாளம் தெரியாம. கிட்ட போகணும்னு ரெண்டு அடி வச்சேன். முடியல. அந்த வாரமே ஊர விட்டுட்டோம்.

— இப்ப என்ன வேணும்? மன்னிப்பா? எடுத்துக்கோ. அம்மா உன்ன மன்னிச்சாச்சு. சாகறப்ப சொல்லிட்டுத்தான் போனாங்க. போதுமா?

— அப்படிச் சொன்னாங்களா?

— இல்ல. சொல்லல. நானா சொன்னேன். நீங்க இறங்கிப் போகணும்னு சொன்னேன்.

— மன்னிப்பு கேக்க வரலம்மா. அதக் கேக்க எனக்கு வாயில்ல. முப்பத்தெட்டு வருசமா ஒண்ணே ஒண்ணுதான் உள்ள ஓடுது. வந்ததுமே பேரச் சொல்லிருந்தா ஸெனோ பொழைச்சிருப்பா. கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா உங்க அம்மாவாவது உங்ககூட இருந்திருப்பாங்க. ரெண்டுல ஒண்ண காப்பாத்தி இருக்கலாம். நடுவுல நின்னு ரெண்டையும் கெடுத்தேன். பொண்ணுங்ககிட்டகூட நிமோனியான்னுதான் சொல்லி வச்சிருக்கேன். சொல்லாம செத்தா அது என்னோட போயிரும். அதான் உங்ககிட்டயாவது... ஏம்மா, ஏன் இப்படிப் பாக்கறீங்க?

— பேரு சொன்னது எத்தன மணிக்கு?

— பத்தரை.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிச்சயமா பத்தரையா?

— அந்த வக்கீல் தலைக்கு மேல சுவர்க் கடிகாரம். அதத் தவிர பாக்கறதுக்கு அங்க வேற ஒண்ணும் இல்ல. பத்தரை.

— ஐயா, வண்டியத் திருப்பறேன். உங்கள வீட்டு வாசல்லயே கொண்டு போய் விட்டுடறேன். இதோட விட்டுருவோம்.

— உங்களுக்கு என்னமோ தெரியும்.

— எனக்கு ஒண்ணும் தெரியாது.

— நாலு மணி நேரம் நிறுத்தாம பேசினவங்க நீங்க. இப்ப வாயத் திறக்க மாட்டேங்கறீங்க.

— தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? யாருகிட்ட போய்க் கேப்பீங்க? அந்த வக்கீலும் செத்திருப்பான். நல்ல பென்ஷன் வாங்கிட்டு நிம்மதியா செத்திருப்பான்.

— சொல்லுங்கம்மா. எனக்கு எழுபத்தொண்ணு. இதுக்கு மேல என்ன ஆயிரப் போகுது.

— நீங்க சொன்னதால எங்கம்மா ஜெயிலுக்குப் போகல. அந்த ஒண்ண மட்டும் எடுத்துகிட்டுப் போங்க. நல்ல விசயந்தானே? அது போதும் உங்களுக்கு.

— அதெப்படி? நான்தானே கையெழுத்து போட்டேன்?

— அம்மா கடைசி வரைக்கும் அதப் பத்திப் பேசல, போனப்புறம்தான் அவங்க போலீஸ் ஃபைலக் கேட்டு வாங்கினேன். எவன் காட்டிக் கொடுத்தான்னு தெரிஞ்சுக்கத்தான் வாங்கினேன். உங்க சம்சாரம் பேர மை போட்டு அழிச்சிருந்தாங்க. காட்டிக் கொடுத்தவன் வாக்குமூலம்னு ஒரு தாளே அதுல இல்ல.

— கிழிச்சிருப்பானுங்க.

— கிழிக்கலாம், சேக்காம விட்டிருக்கலாம். அது அவனுக்குத் தேவையே படலங்கய்யா.

— ஏன்?

— ஆம்புலன்ஸ் யாரக் கொண்டு போச்சுன்னு யாரோ அம்மாகிட்ட வந்து சொல்லிருக்காங்க. அம்மா ராத்திரிச் சட்டை மேல கோட்ட மாட்டிகிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருக்காங்க. நான்தான் செஞ்சேன், என்னப் பிடிச்சுக்கோங்க, அந்தப் பொண்ண முதல்ல பாருங்கன்னு அவன்கிட்டயே சொல்லிருக்காங்க. சொன்னது அப்படியே எழுதியிருக்கு. கீழ அம்மா கையெழுத்து, அதுக்கும் கீழ அவன் கையெழுத்து, பக்கத்துலயே நேரம்.

— நான் பார்க்கலையே. கட்டில் பக்கத்துலயேதானே நின்னேன், அவன்தான் நடுவுல ஒரு தடவை வெளிய போயிட்டு வந்தான். அம்மாவ நான் பாக்கவே இல்லையே.

— வெளிய வச்சே எழுதி வாங்கிட்டு, பின்பக்கமா வேன்ல ஏத்திட்டாங்க.

— நேரம்னீங்களே. என்ன நேரம்?

— வேணாங்கய்யா.

— என்ன நேரம்மா?

— காலைல ஆறே கால். பேர பையில வச்சுகிட்டுத்தான் பத்தரை வரைக்கும் உங்ககிட்ட கேட்டுகிட்டு இருந்திருக்கான்.