கம்பளிக்குள் ரெண்டு வயர்

தேவசேனா (மனதுக்குள்): ஏணியை ஒளித்து வைத்திருக்கலாம். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டான் என்றதுமே தோன்றியதுதான். நாற்பத்துநான்கு வயது, ஒரு கம்பெனியையே நடத்துகிறவன், வந்ததும் வராததுமாக ஷூவைக்கூடக் கழற்றாமல் பரண்மேல் ஏறுகிறான். மூன்று வருஷமாகத் தங்கச்சி வீட்டுக்கு வர நேரமில்லை. பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் பொட்டிக்காக இப்போது வந்திருக்கிறான். கோபப்படலாம் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்தால் ஏணி ஆடும்.

செல்வமுருகன்: சேனா! இருக்கு, இருக்கு! பூண்டுக் கட்டுக்குப் பின்னால கெடக்கு!

தேவசேனா: பின்ன, எந்திரிச்சு வத்தலக்குண்டுக்கா போயிருக்கும்? பைய எறக்குண்ணே. என் மண்டையில போட்டுராத.

செல்வமுருகன்: புடி... புடி... ஆத்தாடி, என்னா கனம்! இத எப்படி அம்மா கொடைக்கானல்ல இருந்து வில்பட்டிக்குக் கொண்டாந்துச்சு?

தேவசேனா: கேரட் எறக்கிட்டு வந்த வண்டியில. அந்த வெள்ளக்கார டீச்சரம்மா ஊருக்குக் கெளம்பும்போது, "சிவபாக்கியம், இம்புட்டு வருசம் எங்களுக்குச் சமைச்ச, வீட்ல புடிச்சத எடுத்துக்க"ன்னுருக்கு. வேற யாருன்னாலும் பீரோவக் காட்டியிருப்பாங்க.

செல்வமுருகன்: அம்மா இதக் காட்டுச்சு!

தேவசேனா: டிவின்னு நெனச்சு!

செல்வமுருகன்: ஒரு வாரம், படம் வரும் படம் வரும்னு முன்னாடியே ஒக்காந்திருந்துச்சே... ஐயோ, சிரிப்புக் காட்டாத, கை நழுவுது!

தேவசேனா: இங்கிட்டு வையி, பெஞ்சு மேல. மானிட்டரு அந்தா, துணி போட்டு மூடியிருக்கேன்.

செல்வமுருகன்: யப்பா... மொத்தப் பொட்டியும் பூண்டுக் கொழம்பு மணக்குது! ஆனா முன்னால இருக்குற தள்ளுக் கதவப் பாரேன். மேலெல்லாம் பூண்டுத் தொலி, கதவு மட்டும் பளபளன்னு இருக்கு. தொடச்சியா?

தேவசேனா: ...ம். தொடச்சேன்.

செல்வமுருகன்: இங்கிட்டுத் தள்ளுனா கம்ப்யூட்டரு. அங்கிட்டுத் தள்ளுனா கேம் மெஷினு. ஒரே பொட்டி! எங்க ஆபீஸ்ல சொன்னேன், ஒரு பய நம்பல. "சார், அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது"ங்கிறான்.

தேவசேனா: நம்ம அப்பா மட்டும் என்ன? அவருக்கும் இந்தக் கேம் பக்கம் ரொம்ப நாளாத் தெரியாதுல்ல. அவரு வாசல்ல செருமுனா...

செல்வமுருகன்: சர்ருனு கதவத் தள்ளு!

தேவசேனா: ஒடனே கருப்பு ஸ்க்ரீனு. ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னும். அவரு பின்னால வந்து நின்னு, "ஏலே, அது கண்ணச் சிமிட்டிச் சிமிட்டிக் கேள்வி கேக்குதுல்ல, பதிலப் போடுறா"ம்பாரு.

செல்வமுருகன்: நானும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடிச்சு விடுவேன். "சபாசு"ம்பாரு!

தேவசேனா: "சபாசு"ம்பாரு!

செல்வமுருகன்: ஐயோ, வயிறு வலிக்குது... சரி சரி, வயரச் சொருகு. முப்பது வருசத்துப் பொட்டி. வராது. வராட்டியும் வருத்தப்படக் கூடாது, என்ன? நம்ம அதுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு... ஏய்! வந்துருச்சு! மொத அமுக்குலயே வந்துருச்சு!

தேவசேனா: நல்ல பொட்டி.

செல்வமுருகன்: தேதியப் பாரேன்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பதுங்குது!

தேவசேனா: அதுக்கு இன்னும் நம்ம ரெண்டு பேரும் பொறக்கவே இல்ல. சும்மா இரு, சத்தம் போடாத.

செல்வமுருகன்: கதவத் தள்ளு, கதவத் தள்ளு... நீ தள்ளு. இல்ல, நானே தள்ளுறேன். ஆங்! அந்த மியூசிக்கு! சேனா, இங்க பாரு, என் கையில மயிர்க்கால் எல்லாம் எந்திரிச்சு நிக்குது. குள்ளன் வர்றான் பாரு, குதிச்சுக் குதிச்சு! கடைசி ரவுண்டு இரும்பு நண்டு ஞாபகம் இருக்கா?

தேவசேனா: நண்டா? திருமலைச்சாமின்னு சொல்லு!

செல்வமுருகன்: ஆமால்ல! பக்கத்து வீட்டு மாமா மாதிரியே ரெண்டு பக்கமும் மீசை!

தேவசேனா: பாவம் அந்த மனுசன். நீ இங்க ஒக்காந்துக்கிட்டு, "குத்து, திருமலைச்சாமிய மண்டையிலயே குத்து"ன்னு கத்த, அவரு வேலியோரம் நின்னு கேட்டுட்டு...

செல்வமுருகன்: அப்பாகிட்ட வந்து, "மூக்கையா, எனக்கும் ஒம் மகனுக்கும் என்னய்யா பகை?"ன்னு அழாத கொறை!

தேவசேனா: அத விடு. நண்டு செத்த அன்னைக்கு நீ வாசல்ல ஓடி, "திருமலைச்சாமி செத்தான்! திருமலைச்சாமி செத்தான்!"னு...

செல்வமுருகன்: அவரு சம்சாரம் பாப்பம்மா அத்த தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓடியாந்துருச்சு!

தேவசேனா: தெருவே ஓடியாந்துச்சுண்ணே! அவரு கக்கூஸுக்குள்ள இருந்து, "நான் உசுரோடதான் இருக்கேன்"னு கத்துறாரு. ஒருத்தர் காதுலயும் விழுகல!

செல்வமுருகன்: போதும், போதும்... மூச்சு முட்டுது... இந்தா, அதுக்குத்தான் புள்ள வந்தேன். வர்ற சனிக்கிழம எங்க கம்பெனிக்குப் பத்தாவது வருசம். பெரிய திரையில என் கதையப் போடப் போறாங்க.

தேவசேனா: என்ன கதை?

செல்வமுருகன்: இந்தக் கதைதான்! வில்பட்டிப் பய ஒருத்தன், மார்கழிப் பனியில, ஒரே ஒரு ரிமோட்ட வச்சுக்கிட்டு ஊர்ல யாருமே முடிக்காத கேம முடிச்ச கதை.

தேவசேனா: ஊர்ல வேற யாருகிட்டயும் கேமே இல்லையேண்ணே.

செல்வமுருகன்: அதெல்லாம் பேசப்படாது. மொத மொதல்ல வேல கேட்டுப் போனப்ப இதத்தான் சொன்னேன். பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒங்கண்ணி மகாராணிகிட்டயும் இதத்தான் சொன்னேன். அன்னைக்கு எங் கை மரத்துப் போயிருந்துச்சு. அடுப்புல போயிக் காட்டிட்டு வந்தும் உணர்ச்சியே இல்ல. ரெண்டே ரெண்டு உசுருதான் பாக்கி. கம்பளியப் போத்திக்கிட்டு ஒக்காந்தேன். அப்புறம் நடந்தத இன்னைக்கு நெனச்சாலும் ஆச்சரியமா இருக்கு சேனா. எங் கை எம் பேச்சக் கேக்கல. நான் ஒண்ணு நெனக்கிறேன், குள்ளன் அதவிட நல்லதா ஒண்ணு செய்யிறான். கை தானா வெளையாடுச்சு. எனக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. என்ன, சிரிக்கிறியா அழுகிறியா?

தேவசேனா: பூண்டுத் தூசி. கண்ணுல பட்டுருச்சு.

செல்வமுருகன்: இன்னொண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல கெடக்கு. வையக் கூடாது.

தேவசேனா: சொல்லு.

செல்வமுருகன்: நம்ம ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள ஒக்காந்து வெளையாடுவோம்ல... ஆளுக்கு ஒரு ரிமோட்டு... ரெண்டு வயரும் கம்பளிக்கு அடியில போகும்ல...

தேவசேனா: ஆமா.

செல்வமுருகன்: ஒன் வயர நான் சொருகுனதே இல்ல. அது ஒரு ஆளு வெளையாடுற கேமு. சும்மா பொட்டிக்கு அடியில சொருவி விட்டுருவேன். "நீ மேகத்த நகத்து, அதான் ஒன் வேல"ம்பேன். நீயும் விழுந்து விழுந்து அமுக்குவ. நாலு வருசம் புள்ள. பாவி நான்!

தேவசேனா: தெரியும்.

செல்வமுருகன்: என்ன தெரியும்?

தேவசேனா: மொத வாரமே தெரியும். நான் சும்மா இருந்தாலும் மேகம் அது பாட்டுக்குப் போச்சு.

செல்வமுருகன்: அடிப்பாவி! பின்ன எதுக்கு நாலு வருசம் அமுக்குன?

தேவசேனா: நீ எங்க தப்பா அமுக்குறேன்னு பாக்கத்தான். நீ குதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால நான் அமுக்குவேன். நீ பள்ளத்துல விழுவ. நான் விழுந்திருக்க மாட்டேன். வயரு இல்லாட்டி என்ன, கணக்குச் சரியா வந்துச்சுல்ல.

செல்வமுருகன்: யாத்தே! அப்படியே ஊமக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு... அத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒனக்கும் ஒரு தடவ குடுத்திருப்பேன்ல?

தேவசேனா: கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்குக் கை நடுங்கும்"னு சொன்ன.

செல்வமுருகன்: நானா சொன்னேன்? சே... சரி, கோவிச்சுக்காத. இந்தா, அந்தக் கம்பளிய எடு. பழையபடி ஒக்காருவோம். மஞ்சு எறங்குது, வெளிச்சம் போறதுக்குள்ள வெரசா வீடியோ எடுத்துரணும். செல்போன இந்த டப்பா மேல சாச்சு வச்சிருக்கேன், தெரியுதா?

தேவசேனா (மனதுக்குள்): அதே கம்பளி. ஓரத்தில் எலி கடித்த ஓட்டையை அம்மா தைத்த இடம்கூட அப்படியே இருக்கிறது. அன்று சத்தம் கேட்டு அப்பா உள்ளே வந்தபோது அவர் பார்த்தது ஒரு கம்பளிக்குள் இருந்த இரண்டு முதுகுகளைத்தான். திரையில் நண்டு வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தது. ஒரு முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

செல்வமுருகன்: அப்பா என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? "இவன் கம்ப்யூட்டரையே செயிச்சுட்டான், இவனக் கம்ப்யூட்டர் படிக்க வைக்காம விடமாட்டேன்"!

தேவசேனா: இருக்கு. நான் பன்னெண்டாவது முடிச்சப்ப எனக்குந்தான் ஒரு மெஷின் வந்துச்சு.

செல்வமுருகன்: ஒனக்கா? என்ன மெஷினு?

தேவசேனா: தையல் மெஷினு.

செல்வமுருகன்: ஹஹ்ஹா... நீயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சேனா? கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு.

தேவசேனா: கேட்டேன். "அண்ணன் வெளையாண்டான், நீ பக்கத்துல ஒக்காந்திருந்த. பக்கத்துல ஒக்காந்ததுக்கெல்லாம் படிப்பா?"ன்னாரு. விடுண்ணே. வெளையாடு. குள்ளன் நிக்கிறான் பாரு.

செல்வமுருகன்: ஆங்... ஆமா. பாரு இப்ப. இருபத்தெட்டு வருசங் கழிச்சு, மறுபடியும் செல்வமுருகன்! ஓடு... ஓடு... குதி! அட! என்ன, மொதப் பள்ளத்துலயே விழுந்துட்டான்?

தேவசேனா: வெள்ளனே குதிச்சுட்ட.

செல்வமுருகன்: இரு, இரு. ஓடு... குதி! ச்சே!

தேவசேனா: இப்ப லேட்டு.

செல்வமுருகன்: ரிமோட்டுல தூசி அடச்சிருக்கும். குதி... குதி... அட நாசமாப் போறவனே!

தேவசேனா: மூணு உசுரும் போச்சு. ஐயோ அண்ணே, மொத ரவுண்டுல நத்தகூட ஒன்னயத் தாண்டிப் போகுது!

செல்வமுருகன்: சிரி, நல்லாச் சிரி! வயசாயிருச்சுல்ல, கை மறந்துபோச்சு. நான் வெளையாடுறத எடுக்க வேணாம். அது தேவையே இல்ல. சாட்சிதான் முக்கியம்.

தேவசேனா: யாரு சாட்சி?

செல்வமுருகன்: நீதான். அம்மாவும் அப்பாவும் போயாச்சு. ஒலகத்துல அதக் கண்ணால பாத்த ஒரே ஆளு நீ. "எங்கண்ணன் அந்தக் கேம முடிச்சத நான் பக்கத்துல ஒக்காந்து பாத்தேன்." அம்புட்டுத்தான். ஒரே வரி. சிரிச்ச மொகமாச் சொல்லு.

தேவசேனா: நான் எதுக்குண்ணே? எனக்குக் கேமரா முன்னால வராது.

செல்வமுருகன்: எல்லாம் வரும். முடிச்சுட்டு ரெண்டு பேரும் டவுனுக்குப் போயி ஏரியச் சுத்திட்டு வருவோம், சைக்கிள்ல. ஒனக்குச் சுட்ட சோளம். சரியா?

தேவசேனா (மனதுக்குள்): சோளத்துக்குச் சம்மதம். ஏரிக்குச் சம்மதம். பொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாலும் சரி என்று சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது பொய்யில் சேராது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவன் வாசலில் ஓடியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காக அன்று மூடிய வாய். இப்போது அந்த வாயைத் திறந்து சொல்லச் சொல்கிறான். திறந்தால் அது வேறு.

செல்வமுருகன்: ஓடுது ரெக்கார்டிங்கு. இங்க பாரு, இந்த வட்டத்தப் பாத்து. ஒண்ணு... ரெண்டு... சொல்லு. "எங்கண்ணன்..."

தேவசேனா: அது மட்டும் முடியாதுண்ணே.

செல்வமுருகன்: ஏன் புள்ள? தையல் மெஷினுக்குக் கோவமா?

தேவசேனா: கோவமெல்லாம் இல்ல. கோவமிருந்தா இப்படி ஒன்னோட சேர்ந்து சிரிப்பேனா?

செல்வமுருகன்: பெறகென்ன? பொய்யா சொல்லச் சொல்றேன்? பக்கத்துலதான இருந்த? பாத்தேல்ல?

தேவசேனா: நீ கையக் காட்ட அடுப்புக்குப் போனீல்ல, அப்ப ஒன் வயரப் புடுங்கிட்டு என் வயரச் சொருகிட்டேன். நான் எங்கண்ணே ஒன்னயப் பாத்தேன்... நான் வெளையாண்டுக்கிட்டுல்ல இருந்தேன்.