விற்பனைக்கு: கிராஃபிக்ஸ் கார்டு, நல்ல நிலையில்

வென்லா: ...இல்ல, தட்டுக்கு நடுவுல வைங்க. ஓரத்துல வெச்சா எடை மாறிடும்.

பெட்ரி: கம்ப்யூட்டர் கார்டை எடை போட்டு வாங்கறவங்களை இப்பதான் பாக்கறேன்.

வென்லா: சிரிக்காதீங்க. மாவு எடை போடற தராசுதான். பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டு வந்தேன். போலி கார்டுன்னா எடை குறையுமாம். என் பட்டியல்ல அது ஆறாவது.

பெட்ரி: மொத்தம் எத்தனை?

வென்லா: பதினாலு.

பெட்ரி: ஏழு மணிக்குக் கீழ்த்தளத்து சௌனாவுல, நீராவிக் குளியலுக்கு, என் முறை. வெள்ளிக்கிழமை ஏழு மணி இந்தக் கட்டடத்துல லேசுல கிடைக்காது. மூணு வருஷம் காத்திருந்து வாங்கினது.

வென்லா: இப்ப அஞ்சுதான் ஆகுது. முடிச்சிடலாம். ...தொள்ளாயிரத்து முப்பது கிராம். கம்பெனி போட்டிருக்கறது தொள்ளாயிரத்து எழுபது. நாப்பது குறையுது.

பெட்ரி: நேத்துதான் தூசி தட்டினேன்.

வென்லா: நாப்பது கிராம் தூசியா?

பெட்ரி: இந்த வீட்டுத் தூசி அப்படி.

வென்லா: ...தராசும் பழசுதான். போன வாரம் இதை நம்பி மாவு பிசைஞ்சேன், பன் கல்லு மாதிரி வந்துச்சு. சரி, ஆறாவதுக்கு நேரா கேள்விக்குறி போட்டுக்கறேன். ஏழு... கடை ரசீது இருக்கா?

பெட்ரி: ரசீதுன்னா... இருக்குன்னு சொன்னா நீங்க கேப்பீங்க. இல்லன்னு சொன்னா...

வென்லா: இந்தக் குவோபியோ ஊர்க்காரங்க ஒரு கேள்விக்கும் நேரா பதில் சொல்ல மாட்டாங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நான் நம்பல.

பெட்ரி: எந்த ஊரு?

வென்லா: லப்புவா.

பெட்ரி: ஓ. வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே உன் சட்டை நல்லால்லன்னு சொல்ற ஊரு.

வென்லா: சட்டை நல்லால்லன்னா சொல்லித்தானே ஆகணும். ரசீது?

பெட்ரி: இல்ல. நானும் இந்த விளம்பரம் போட்ட சைட்டுலயே ஒருத்தர்கிட்டதான் வாங்கினேன்.

வென்லா: கம்பெனி அட்டைப்பெட்டி?

பெட்ரி: அதுவும் வரல.

வென்லா: ம்... இன்னும் ரெண்டு கேள்விக்குறி. உண்மையைச் சொல்லணும்னா இதோட நான் கிளம்பியிருக்கணும். ஆனா என் பேரையும் தேதியையும் தாள்ல எழுதி, கார்டு பக்கத்துல வெச்சு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டேன்ல, அஞ்சு நிமிஷத்துல அனுப்பினீங்க. ஏமாத்தறவங்க அதைத்தான் செய்ய மாட்டாங்கன்னு படிச்சேன்.

பெட்ரி: கையெழுத்து கொஞ்சம் மோசம்.

வென்லா: என் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டீங்க. பரவால்ல. அடுத்து, இதை உங்க கம்ப்யூட்டர்ல மாட்டி ஓட்டிப் பாக்கணும். பேசினபடி.

பெட்ரி: அது... மாட்டித்தான் பாக்கணுமா?

வென்லா: பாக்காம வாங்கச் சொல்றீங்களா?

பெட்ரி: சேச்சே. கம்ப்யூட்டர் பெட்டியை மேசைக்கே தூக்கிட்டு வந்துட்டேன் பாருங்க. நீங்களே மாட்டுங்க. நான் காப்பி போடறேன். குடிப்பீங்கல்ல?

வென்லா: குடிப்பேன். பால் வேண்டாம். ...மானிட்டரை இந்தப் பக்கம் திருப்பிக்கறேன். விக்கறவர் பக்கத்துல நின்னு எட்டிப் பாத்தா எனக்கு வேலை ஓடாது.

பெட்ரி: திருப்பிக்கங்க, திருப்பிக்கங்க.

வென்லா: மாட்டியாச்சு. கார்டைச் சோதிக்கற புரோகிராம் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன், ஓட விடறேன்.

பெட்ரி: பன் ஒண்ணு இருக்கு. ஏலக்காய் போட்டது. கடையில வாங்கினதுதான், கல்லா இருக்காது. ...வென்லா? என்ன சொல்லுது?

வென்லா: ம்? ஓடுது... இன்னும் ஓடிட்டிருக்கு. அரை மணி நேரம் ஆகும்.

பெட்ரி: அவ்வளவு நேரமா?

வென்லா: முழுசா பாக்கணும்ல. காப்பியை இங்கயே வைங்க.

பெட்ரி: சர்க்கரை?

வென்லா: வேண்டாம். நல்லா இருக்கு.

பெட்ரி: இந்தப் பதினாலு கேள்வி... எங்கேயாவது எழுதியிருந்ததா, நீங்களே போட்டதா?

வென்லா: ஆறு மத்தவங்க எழுதினது. மீதி எட்டு என் டைல்ஸ்லேருந்து வந்தது.

பெட்ரி: டைல்ஸா?

வென்லா: ஆகஸ்ட்ல ஒரு கார்டு வாங்கினேன். பெட்டி சீல் போட்டபடி அழகா வந்துச்சு. பிரிச்சா உள்ள துண்டுல சுத்தின குளியலறை டைல்ஸ். பச்சைக் கலர். முன்னூறு யூரோ.

பெட்ரி: அடப்பாவமே. என்ன பண்ணீங்க?

வென்லா: அதுமேல சூடான பாத்திரம் இறக்கி வைக்கறேன். எங்க அண்ணன் வர்றப்பெல்லாம், உன் கார்டைக் கொஞ்சம் நகத்துன்னு சொல்லுவான்.

பெட்ரி: துண்டு?

வென்லா: துண்டு நல்ல துண்டு. ...நீங்க சிரிக்கறீங்க.

பெட்ரி: நீங்க சிரிச்சதாலதான்.

வென்லா: அப்ப சிரிக்கல. ராத்திரி எழுந்து எழுந்து அந்த விளம்பரத்தையே படிச்சேன். எந்த இடத்துல நான் கவனிச்சிருக்கணும், எந்த வார்த்தையில தெரிஞ்சிருக்கணும்னு. விக்கறவன்மேல வந்த கோபத்தைவிட என்மேல வந்ததுதான் அதிகம்.

பெட்ரி: ...ஆமா. அப்படித்தான் இருக்கும்.

வென்லா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெட்ரி: இல்ல... பொதுவா சொன்னேன். எதுக்கு உங்களுக்கு இந்தக் கார்டு? விளையாடறதுக்கா?

வென்லா: மாலை வகுப்பு. முப்பரிமாண வரைபடம் போடக் கத்துக்கறேன். பகல்ல பேக்கரிக் கிடங்குல தட்டு அடுக்கறேன், அதான் வீட்டுல பன் சரியா வரலன்னா இன்னும் அசிங்கம். கடைசி வேலையா தண்ணி பம்ப் ஒண்ணை முழுசா வரையணும். என் பழைய கார்டு பாதியிலயே படுத்துடுது. முப்பதாம் தேதிக்குள்ள குடுத்தா பம்ப் கம்பெனியில வரைபடப் பிரிவுல ஒரு இடம் பத்திப் பேசலாம்னு ஆசிரியர் சொன்னாங்க. குடுக்கலன்னா அடுத்த வருஷம்.

பெட்ரி: இருநூத்தி எண்பது யூரோ... உங்களுக்கு...

வென்லா: காருக்குப் பனிக்கால டயர் வாங்க வெச்சிருந்தது. பெட்ரோலும் மிச்சமாகட்டும்னுதான் பஸ்ல வந்தேன். பனி விழறதுக்குள்ள வேற காசு சேத்துடலாம்னு ஒரு கணக்கு.

பெட்ரி: இங்கயா? பனி அடுத்த வாரமே விழும்.

வென்லா: தெரியும்.

பெட்ரி: வென்லா, நகரத்துல, துறைமுகம் போற வழியில ஒரு கடை இருக்கு. பழைய சாமானை ஒரு வருஷ உத்தரவாதத்தோட குடுக்கறாங்க. ஏதாவது ஆனா திருப்பி வாங்கிப்பாங்க...

வென்லா: அங்க இதே கார்டு நானூறு.

பெட்ரி: நானூறா இருந்தாலும்...

வென்லா: நான் வாங்கலன்னா உங்களுக்கு நல்லதா?

பெட்ரி: அப்படிச் சொல்லல.

வென்லா: விலையை ஏத்தப் பாக்கறீங்களா? வேற யாராவது கூடக் கேட்டிருக்காங்களா?

பெட்ரி: இல்லவே இல்ல. வேணும்னா குறைச்சுக்கூட... இல்ல, குறைக்கவும்... எனக்குச் சொல்லத் தெரியல.

வென்லா: சரி, பத்தாவது கேள்வி. இதை நீங்க எவ்வளவு நாள் போட்டு ஓட்டினீங்க?

பெட்ரி: அதிகம் இல்ல.

வென்லா: அதிகம் இல்லன்னா?

பெட்ரி: ரெண்டு சனிக்கிழமை.

வென்லா: நல்லா ஓடுச்சா?

பெட்ரி: ஓடுச்சுன்னு எதைச் சொல்றது...

வென்லா: நல்லா ஓடுச்சா, பெட்ரி?

பெட்ரி: இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுமா?

வென்லா: ஊத்துங்க.

பெட்ரி: இன்னும் ஓடுதா அது?

வென்லா: ஓடுது. பதினொண்ணாவது... ஏன் விக்கறீங்க?

பெட்ரி: அதுவும் பட்டியல்ல இருக்கா?

வென்லா: இருக்கு. பதில் கேக்கறதுக்காக இல்ல, சொல்றப்ப முகத்தைப் பாக்கறதுக்காக.

பெட்ரி: அப்படின்னா நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன்.

வென்லா: திரும்பிக்கங்க. காது கேக்கும்.

பெட்ரி: ...எனக்கு ஒரு பொண்ணு. கெர்ட்டு. பதினொரு வயசு. அவ அம்மாகூட வடக்க, ரோவனியெமியில இருக்கா. சனிக்கிழமை ஆறு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு விளையாட்டுல சேந்துப்போம். ஒரு தீவு. அதுல வீடு கட்டறோம். அவ மரம் வெட்டுவா, நான் தூக்கிட்டுப் போவேன். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனா வெட்டிக்கிட்டே பேசுவா. போன்ல கேட்டா எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னுதான் வரும். மரம் வெட்டறப்ப மட்டும் எல்லாம் சொல்லுவா. டீச்சர் என்ன சொன்னாங்க, யார்கூட சண்டை...

வென்லா: ம்.

பெட்ரி: என் பழைய கம்ப்யூட்டர் தாங்கல. அதுக்குத்தான் இதை வாங்கினேன். ரெண்டு மாசம் சேத்து வெச்ச காசு. மாட்டினேன். முதல் சனிக்கிழமை அவ சொல்றா, அப்பா, நீ நடந்துட்டே இருக்கற, திடீர்னு கல்லா நின்னுடற, நான் உன்னைச் சுத்திச் சுத்தி வந்துட்டு இருக்கேன்னு. அடுத்த சனிக்கிழமையும் அதே. நடுவுல நின்னுபோயிட்டேன். திரும்ப உள்ள வர இருபது நிமிஷம் ஆச்சு. அவ தூங்கப் போயிட்டா.

வென்லா: அதனால விக்கறீங்க.

பெட்ரி: விக்கற காசுல நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு... வென்லா, அந்தக் காசை எடுக்காதீங்க.

வென்லா: நான் இன்னும் பையையே திறக்கல.

பெட்ரி: திறக்கவும் வேண்டாம். அது போலி. அந்தத் துறைமுகக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அவர் பாத்துட்டுச் சொன்னார், இது ஆறேழு வருஷம் பழைய கார்டு, புதுக் கார்டோட பேரை உள்ள எழுதி விட்டிருக்காங்க, கம்ப்யூட்டர்கிட்டயே பொய் சொல்லும்னு. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. பாவம்னு ஒரு பார்வை பாத்தார். வீட்டுக்கு வந்து அன்னைக்கே விளம்பரம் போட்டேன். நல்ல நிலையில்னு எழுதினேன். எனக்கு நடந்தது, அடுத்தவருக்கும் நடக்கட்டுமேன்னு... அவ்வளவு கேவலமா யோசிச்சேன்.

வென்லா: வாங்கின சைட்டுல புகார் சொல்லலயா? நீங்க சாமான் சரின்னு சொல்ற வரைக்கும் காசை அவங்கதானே புடிச்சு வெச்சிருப்பாங்க.

பெட்ரி: சொல்லிட்டேன்.

வென்லா: புகாரா?

பெட்ரி: சாமான் சரின்னு. பார்சலை எடுத்துக்கற கடையிலயே நின்னு, அதைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே. வித்தவர் அவ்வளவு நேர்த்தியா ஒட்டி அனுப்பியிருந்தார். சந்தேகப்பட்டு, காசுக்கு அவரைக் காக்க வைக்கறது மரியாதை இல்லன்னு தோணுச்சு.

வென்லா: மரியாதையா?

பெட்ரி: நன்றின்னு வேற எழுதினேன். அஞ்சு நட்சத்திரம்.

வென்லா: ஐயோ, பெட்ரி...

பெட்ரி: நீங்க இப்ப சிரிக்கறீங்க.

வென்லா: நானும் அந்த டைல்ஸ்காரனுக்கு நாலு நட்சத்திரம் குடுத்தேன். துண்டுக்காக.

பெட்ரி: உங்க வகுப்பு வேலை என்ன ஆகும்? இவ்வளவு தூரம் வர வெச்சுட்டேன். பஸ் காசாவது...

வென்லா: வேண்டாம். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிஞ்சதும் அங்க இருக்கற கம்ப்யூட்டர்லயே உக்காரலாமான்னு ஆசிரியர்கிட்ட கேக்கறேன். முதல்லயே கேட்டிருக்கலாம். தொந்தரவா இருக்குமோன்னு கேக்கல. நமக்கெல்லாம் இதே வியாதிதான்.

பெட்ரி: விளம்பரத்தை இப்பவே எடுத்துடறேன்.

வென்லா: எடுங்க, ஆனா முதல்ல உங்களுக்கு வித்த ஆளோட நீங்க பேசினது எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கங்க. அவன் கணக்கு எண், பார்சல் எண், தேதி. ஒண்ணையும் அழிக்காதீங்க.

பெட்ரி: சரி... சரி. வென்லா, அதை நிறுத்திடுங்க. இனிமே எதுக்கு ஓடணும். முடிஞ்சதும் அதுவும் இதைத்தான் சொல்லப் போகுது.

வென்லா: அது முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு.

பெட்ரி: அரை மணி ஆகும்னீங்களே.

வென்லா: நாலு செகண்ட். கார்டு பேருக்கு முன்னாடியே போலின்னு எழுதிக் காட்டிடுச்சு. நீங்க அப்ப தண்ணி புடிச்சிட்டிருந்தீங்க.

பெட்ரி: ...தெரிஞ்சுமா உக்காந்து காப்பி குடிச்சீங்க? கிளம்பிப் போயிருக்கலாமே.

வென்லா: இந்தத் திரையிலயே போலீஸ் இணையதளத்துல புகார்ப் படிவத்தைத் திறந்து, சந்தேகப்படற ஆள்ங்கற கட்டத்துல உங்க பேரை எழுதிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி, நான் தப்பாப் பாத்திருப்பேனோன்னு எப்பவும்போல ஒரு சந்தேகம், அதான் ஒவ்வொண்ணாக் கேட்டுட்டே இருந்தேன். இப்ப அந்தக் கட்டத்தை அழிச்சாச்சு. ஏமாந்தவர்ங்கற கட்டத்துல உங்க பேரு இருக்கு. அஞ்சல் எண் மட்டும் சொல்லுங்க.