இல்லாத வட்டு

2008 ஒக்டோபர் 9, வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. அம்பிட்டிய மலையில் மெல்லிய தூறல். தேநீரில் சீனி சற்றுக் கூடியிருந்தது என்பதைத் தவிர, அன்று எனக்கு எவர்மீதும் குறை இருக்கவில்லை.

போரில் சிதறிய குடும்பங்கள் தம்மவரைத் தேட உதவும் அலுவலகம் எங்களுடையது. முகாம்களிலிருந்து வரும் பெயர்கள் யாவும் ஒரு லினக்ஸ் சேர்வரில் இருந்தன. அதை நானும் றவூபும் பராமரித்தோம். எங்களில் ஒருவர் வவுனியாவுக்குப் போகவேண்டும் என்று பொறுப்பாளர் செசிலியா அம்மையார் அறிவித்திருந்தார். றவூபின் மனைவி நிறைமாதம். எனக்கோ, குண்டசாலை வீட்டில் ரோசாப் பதியன்கள் அப்போதுதான் வேர்பிடித்திருந்தன. இருபக்க நியாயத்தையும் சீர்தூக்கியே முடிவெடுத்தேன். இங்கு இன்றியமையாதவரை எவரும் வெளியே அனுப்பமாட்டார்கள்.

லினக்ஸ் தொடங்கும்போது, எந்தெந்த வட்டுகளை இணைப்பது என்பதை ஒரு கோப்பில் பார்க்கும். அந்தக் கோப்பில், உண்மையில் இல்லாத வட்டொன்றுக்கு ஒரு வரி எழுதிவைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் சேர்வருக்கு அதனால் தீங்கில்லை. அணைத்து மீண்டும் இயக்கினால்தான் பாதிவழியில் நின்றுவிடும். எங்கள் சேர்வரை எவரும் அணைப்பதில்லை. ஆகவே, சரசுவதி பூசைக்கு அதற்கும் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். கிறிஸ்தவரான அம்மையார் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். சந்தனப் பொட்டையும் நானே வைத்தேன்.

வியாழன் காலை அதை இயக்கும் பொறுப்பைப் பெருந்தன்மையோடு றவூபிடம் விட்டேன். அது நின்றது.

“அண்ணன், பூசைக்கு முந்தி நல்லாத்தானே இருந்திச்சி. டிஸ்க் மௌத்தாகிட்டோ?” என்று, யாரோ செத்துப்போனதுபோல் கேட்டார் றவூப்.

“நான் பொட்டு வைச்சனான். நீர் ஒருக்கா ஓதிப் பாருமன்.”

அவர் பெட்டியைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். நான் தேநீர் குடித்தேன். சீக்கிரம் தீரும் பழுதுக்கு மதிப்பில்லை. விறாந்தையில், மகனைத் தேடி வந்த பத்மாதேவி என்பவர் காத்திருந்தார். மதியம் கடந்ததும் பிலிமத்தலாவை பஸ்ஸுக்காக எழுந்து போனார். அதன் பிறகே நான் விசைப்பலகைக்கு முன் அமர்ந்தேன். படிக்க மட்டும் திறந்திருந்த வட்டை எழுதத்தக்கதாக மாற்றி, என் வரியை நீக்கினேன். சேர்வர் எழுந்தது. புதிதாக வந்த பெயர்களில் பத்மாதேவியின் மகனின் பெயரும் இருந்தது. இன்னொரு நாள் வரமாட்டாரா என்ன.

“இராமகிருஷ்ணன், நீங்கள் இல்லாட்டி இதை ஆர் எழுப்பிறது?” என்று அம்மையார் வியந்தார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். “வவுனியாவில கரண்ட் போய்ப் போய் மெஷின் விழுந்து கிடக்குதாம். உங்களை மாதிரி ஆள்தான் அங்க வேணும்.”

அந்தக் கணமே என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. நடந்தவை அனைத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். திறமைசாலி என்ற பெயர் எனக்குத் தகாது, றவூபே தகுந்தவர் என்றும் எடுத்துரைத்தேன்.

அம்மையார் என்னை வைத்தகண் வாங்காமல் பார்த்தார். “அந்த மனுசி பச்சைத் தண்ணிகூடக் குடிக்கேல்லை, தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார். மகனின் செய்தியோடு றவூபைப் பிலிமத்தலாவைக்கு அனுப்பினார். பிறகு, தாமே தட்டச்சுச் செய்து, ஒப்பமிட்டு, ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். இனிக் கணினி எதையும் நான் தொடலாகாது; முகாம் வாசலில் இருந்து, தேடி வருவோரின் பெயர்களைக் கையால் எழுதவேண்டும்.

மனச்சாட்சிக்காக மட்டுமே பேசியவன் நான். கடிதத்தை வாங்கியதும் என் கண் முதலில் ஊர்ப்பெயரைத் தேடியது தற்செயலே.

வவுனியா என்றே இருந்தது.