தம்பியின் முன் பிரேக்

சைக்கிள் துடைக்கப் பழைய பனியன் துணிதான் நல்லது. புதுத்துணி நூல் விடும், அந்த நூல் போய்ச் சங்கிலிப் பல்லில் சுற்றிக்கொள்ளும். இதைக்கூடத் தம்பிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அவன் சொல்லித் தெரிந்ததுதான் மேடம். அதனால் நான் சொல்வதில் பிழை இருக்காது. நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அந்தச் சைக்கிள் கடைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு அவர் முன் பிரேக்கின் கேபிளை மாற்றிக்கொடுத்தது உண்மை. சரியாகத்தான் மாற்றியிருந்தார். நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். பதினேழு வருட அனுபவம். என்னிடம் வந்தவர்கள் யாரும் நான் அவசரப்படுகிறேன் என்று சொன்னதில்லை. அம்மா போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது, தம்பிக்குப் பதினொன்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவனைப் பள்ளியில் விட்டு, கூட்டிவந்து, காய்ச்சலில் ஈரத்துணி போட்டு, கணக்குப் பாடத்தில் அடித்து, பிறகு நானே அழுது, எப்படியோ ஆளாக்கினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். அவன் ஓர் அச்சகத்தில் புத்தக அட்டைகள் வடிவமைக்கும் வேலைக்குப் போனான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்ததில் இருபத்தைந்து வயதிலேயே தொப்பை விழுந்தது. "ஒரு சைக்கிளாவது வாங்கி மிதியேன்டா" என்று சொன்னவளும் நான்தான்.

அவன் சேர்ந்த சைக்கிள் குழுவில் நாற்பது பேர். ஞாயிறுதோறும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். முதல் பந்தயத்தில் அவன் கடைசியாக வந்தான். பந்தயத்தைக் கலைத்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தான். வீட்டுக்கும் இளையவன், பந்தயத்திலும் கடைசி என்பதால் குழுவின் கேப்டன் அவனுக்குக் 'கடைக்குட்டி' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. இன்னொரு நாள் ஒரே மழையில் மூன்று முறை பஞ்சர். கையிருப்பு டியூபும் தீர்ந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அடியில் இரும்புக் கட்டை வைத்த அந்த ஷூவோடு ஆறு கிலோமீட்டர் வாத்து மாதிரி நடந்துவந்தான். வாசலில் நின்று, "அக்கா, சிரிக்காத, துண்டு குடு" என்றான். நான் சிரித்தேன். அன்று வெந்நீரில் அவன் கால்களை வைத்துத் தேய்த்துவிட்டேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிப்போனான்.

அந்த நாட்களில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு பந்தயத்தில் முன்னால் போனவரின் சக்கரத்தில் இவன் சக்கரம் உரசி, விழுந்து, கழுத்தடியில் காறை எலும்பு முறிந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டிருந்தான். நான் விடுப்பு எடுத்தேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டும், தலைக்குக் குளிப்பாட்ட வேண்டும், ஷூ லேஸ் கட்ட வேண்டும். சாயங்காலம் இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து பேசுவோம். அச்சகத்தில் ஒரு புத்தகத்தின் தலைப்பே எழுத்துப்பிழையோடு ஆயிரம் பிரதி வந்த கதையைச் சொல்லிச் சிரிப்பான், சிரித்தால் தோள் வலிக்கும், "அய்யோ, சிரிக்க வைக்காதக்கா" என்பான். கதை சொன்னவன் அவன், பழி எனக்கு. ஒருநாள் நான் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, "நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றான்.

மனிதர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள், எனக்குத் தெரியும். நான் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் வாரம் அவன் மறுபடி சைக்கிளில் ஏறினான். எட்டாம் வாரம் வீட்டில் அவனைப் பார்ப்பதே அரிதானது. காலையில் பயிற்சி, பகலில் வேலை, மாலையில் மறுபடி பயிற்சி. வந்ததும் சாப்பாடு, படுக்கை. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால்கூட அவன் கண் கைப்பேசியில் இருக்கும், அதில் அன்றைய வேகமும் நாடித்துடிப்பும் ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிளை அவன் கூடத்தில்தான் வைப்பான். சனிக்கிழமைகளில் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவான். "அக்கா, இந்தக் கம்பியைப் புடி. இந்த எல் கீய எடு. இங்க பாரு, இது இவ்வளவுதான் இறுகணும், மேல போனா உடைஞ்சிடும்." நானும் கற்றுக்கொண்டேன். எனக்குக் கை நன்றாகப் பேசும், தொழில் அப்படி. கொஞ்ச நாளில் சனிக்கிழமை வேலை முழுவதும் என்னிடமே வந்துவிட்டது.

முட்டி வலியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

இருக்கையின் உயரத்துக்கு அடையாளமாகக் கம்பியில் ஒரு கறுப்பு டேப் சுற்றியிருப்பான். இருக்கை தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் முட்டி அதிகமாக மடங்கும், முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் ஏறும். இது எங்கள் படிப்பில் முதல் வருடப் பாடம். நான் வாரம் இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன். டேப்பையும் கூடவே நகர்த்தினேன். இறக்க ஆரம்பித்த ஏழாவது வாரம் படி இறங்கும்போது முகம் சுளித்தான். எட்டாவது வாரம் தானாகவே என்னிடம் வந்து காலை நீட்டினான். "ஓய்வு எடுத்தால்தான் ஆகும்" என்றேன். எடுத்தான். மூன்று மாதம் ஐஸ் வைத்தேன், தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தேன், தினமும் நாற்பது நிமிடம் தேய்த்துவிட்டேன். சிகிச்சையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இதை நீங்கள் எந்த மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கடைக்காரர் இல்லையென்றால் எல்லாம் அப்படியே நல்லபடியாகப் போயிருக்கும். அவர் ஒவ்வொருவருடைய அளவையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பவர். தம்பி டயர் மாற்றப் போன இடத்தில் டேப்பை நம்பாமல் அளந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தம்பி கைகொட்டிச் சிரித்தான். "சீட்டு ஒன்றரை சென்டிமீட்டர் கீழ எறங்கியிருக்குக்கா! நீ என்னடான்னா மூணு மாசமா என் முட்டியைப் போட்டுக் கசக்குற." நானும் சேர்ந்து சிரித்தேன். கடைக்காரர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் தொழிலில் நேர்மையானவர், அதனால்தான் அவரை விடச் சொல்கிறேன்.

முட்டி சரியானதும் அவன் முன்னைவிட வேகமானான். அந்த வருடம் பெரிய பந்தயம் ஒன்றில் மூன்றாவதாக வந்தான். வேறு ஊர் அணி ஒன்று அவனைக் கூப்பிட்டது. அங்கேயே ஓர் அச்சகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டான். எல்லாம் முடிவான பிறகுதான் என்னிடம் சொன்னான். அதைத் தப்பென்று சொல்லவில்லை, அவனுக்குத் தயக்கம். தட்டில் கோடு கிழித்துக்கொண்டே பேசினான்.

"ஒண்ணாந் தேதி போயிடுவேன்க்கா. மாசம் ஒரு தடவை வருவேன்."

"சரிப்பா."

"நீயும் உனக்குன்னு கொஞ்சம் வாழணும்க்கா. எனக்காகவே எல்லாத்தையும் விட்டுட்ட."

"சரிப்பா" என்றேன் மறுபடியும். வேறு என்ன சொல்வது? மறுநாளே அவன் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தேன். பெட்டிகளின் மேல் எழுதியிருப்பது என் கையெழுத்துதான், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இங்கே அவன் ஓட்டவிருந்த கடைசிப் பந்தயம் மலைப்பாதையில். இந்தப் பக்கம் பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம், அந்தப் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். தம்பி மூன்று நாள் முன்பே குழுவோடு போய் மலையடிவாரத்தில் தங்கிவிட்டான். நான் எல்லாப் பந்தயத்துக்கும் காரில் போவேன். சட்டையின் முதுகில் பந்தய எண் அட்டையை ஊக்கு குத்தி மாட்டிவிட்டேன். அவன் பந்தயப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகுமுன், "எல்லாம் டைட்டா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுக்கா" என்று சைக்கிளை என்னிடம் கொடுத்தான்.

முன் பிரேக்கில் கேபிளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்ன போல்ட் உண்டு. அது கொஞ்சம் தளர்ந்திருந்தால், மெதுவாகப் பிடிக்கும்போது பிரேக் பிடிக்கும். அவசரத்துக்கு முழு பலத்தோடு அழுத்தினால் கேபிள் நழுவிவிடும். இதுவும் அவன் சொல்லித் தெரிந்ததுதான். "இதுதான்க்கா ரொம்ப டேஞ்சர், ஏமாத்திடும்" என்று ஒரு சனிக்கிழமை காட்டினான்.

முக்கால் சுற்றுத் தளர்த்தினேன்.

அப்போது கேப்டன் அந்தப் பக்கம் வந்தார். "கடைக்குட்டிக்கு என்னம்மா, சொந்த மெக்கானிக்கு, சொந்த வைத்தியர். எங்களுக்கெல்லாம் யாரு இருக்கா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எல் கீயைத் துடைத்துப் பையில் வைத்தேன். தம்பி வந்து பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். பிடித்தது.

"பாத்துட்டியாக்கா?"

"பாத்துட்டேன்ப்பா."

கிளம்புமுன்பே அவன் கண்டுபிடித்துவிடுவான், பந்தயம் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று நாளாக உங்களிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அப்படியானால் அக்கா ஏன் தொடக்கக் கோட்டில் நிற்கவில்லை, ஏன் எல்லோருக்கும் முன்பாகவே கார் இறக்கத்தின் நான்காவது வளைவில் நின்றது என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வளைவில்தான் எல்லோரும் பிரேக்கை முழுதாக அழுத்துவார்கள். நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கழுத்துப் பட்டை எப்போதும் காரில் இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்காது. அன்று எடுத்துப்போயிருந்தேன். விழுந்தவரைத் தெரியாதவர்கள் தூக்கித்தான் பாதிச் சேதம் நடக்கிறது.

முன்னணியில் ஐந்து பேர் வந்தார்கள். தம்பி இரண்டாவது. நான்கு பேர் வளைவில் திரும்பினார்கள். முன் பிரேக் விட்டுப்போய்ப் பின் பிரேக் மட்டுமே பிடித்ததில் இவனுடைய பின் சக்கரம் வழுக்கியது. பிறகு ஓரத்துக் கல்சுவர்.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். யாரையும் தொட விடவில்லை. கழுத்தைப் பிடித்துப் பட்டை போட்டேன். நினைவு இருந்தது. என் முகத்தைப் பார்த்து, "பிரேக் பிடிக்கலக்கா" என்றான்.

"தெரியும்ப்பா. பேசாத" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'தெரியும்' என்ற அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டானோ என்று இப்போது தோன்றுகிறது. ஷூவைக் கழற்றி, உள்ளங்காலில் கார் சாவியால் கோடு இழுத்துப் பார்த்தேன். விரல்கள் அசையவில்லை. இடது காலிலும் அசையவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள்ளேயே இது எத்தனையாவது முள்ளெலும்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர் பிறகு அதையே சொன்னார். கேப்டன் சாலையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மனம் ரொம்ப நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது. அதிர்ச்சியில் அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன்.

இப்போது அவனை மருத்துவமனை வார்டில் ஒரு புது பிசியோதெரபிஸ்ட் பெண் பார்த்துக்கொள்கிறாள். போன வருடம்தான் படித்து முடித்தவள். புரட்டிப் படுக்கவைக்கும்போது குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்கத் தெரியவில்லை, இப்படியே விட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். நான் போனேன். நர்ஸ் கதவிலேயே நிறுத்திவிட்டார். "யார் வேணா வரட்டும், எங்கக்காவ மட்டும் உள்ள விடாதீங்க" என்று சொன்னானாம். கோபம். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பிறகு அவனே வந்து ஒட்டிக்கொள்வான். அவனுக்குப் போக வேறு இடம்தான் எது, சொல்லுங்கள்.

நான் நினைத்தது ஆறு வாரம்தான் மேடம். மிஞ்சிப்போனால் இன்னொரு காறை எலும்பு. ஒண்ணாந் தேதி தள்ளிப்போகும், அதற்குள் அந்த அணி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் எதையும் நான் நினைக்கவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பிகள் போட்டிருக்கிறது, அவனுடைய அறை நிலைவாசலை இடித்துச் சக்கர நாற்காலி போகும் அகலத்துக்கு ஆக்கியிருக்கிறது, கட்டிலை வெட்டித் தாழ்த்தியிருக்கிறது. எல்லாம் சரியான அளவு, நானே தச்சரின் கூட நின்று குறித்துக்கொடுத்தேன். அவர் எந்தத் தேதியில் வந்தார் என்று கேட்கிறீர்கள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை. பிள்ளை வீட்டுக்கு வரும்போது இடம் தயாராக இருக்க வேண்டாமா?