செருப்பில்லாமல் வந்த ஆபீசர்

"ஆபீசரு செருப்பில்லாம வந்தா நாம எப்பிடிக்கா கண்டுபுடிக்கிறது?"

கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் இளையவர் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த என் காது மட்டும் உள்ளே திரும்பியது. இருவரும் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள். இளையவர் பஜ்ஜி, மூத்தவர் சுண்டல். இளையவரே தொடர்ந்தார்.

"மலை சுத்துற பாதையில ஷூ போட்டுகினு வர்றது அந்த ஃபுட் ஆபீசரு ஒருத்தருதான். ஷூவப் பாத்ததும் கையுறை, தொப்பி எல்லாம் மாட்டிக்குவோம். பழைய எண்ணெய வண்டிக்கு அடியில தள்ளிடுவோம். நேத்து சாயங்காலம் வேட்டி கட்டி, பட்டை போட்டுகினு, வெறுங்காலோட வந்தாரு. யாரோ சாமி கும்புட வந்தவருன்னு நெனச்சிட்டேன்."

"ஐயோ! எண்ணெயப் பாத்துட்டாரா?"

"எங்க பாத்தாரு? நல்ல பசி போல. நின்னபடியே ரெண்டு பிளேட்டு சாப்ட்டுட்டுப் போயிட்டாரு."

"அப்புறம் அவருதான்னு எப்பிடித் தெரிஞ்சுது?"

"காலையில லைசென்ஸ்ல இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணாரு. 'அது எத்தன நாளு எண்ணெய்ம்மா, நெஜத்தச் சொல்லு'ன்னாரு."

"ஃபைன் போடறதுக்கா?"

"இல்லக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறாரு. டாக்டரு கேக்கச் சொன்னாராம்."